இரண்டாம் போகத்தில் இளைத்த பைன் காடு

ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் வேலை செய்தவர்களுக்கு உரம் போடுவதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாளியில் உரத்தைச் சுமந்து, மரத்தைச் சுற்றி வட்டமாகத் தூவிய கைகள் அவர்களுடையவை. ஆனால், 'காட்டுக்கு உரம் போடுகிறார்கள்' என்று சொன்னால் அவர்களும் சற்று வியப்படைவார்கள். காடு தானாக வளர்வது அல்லவா? அதற்கு யார் உரம் போட்டார்கள்? யார் தண்ணீர் ஊற்றினார்கள்?

கேள்வி நியாயமானதே. மனிதன் கை வைக்காத காடு தனக்குத் தேவையான சத்தைத் தானே தேடிக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உரமின்றி அது வாழ்ந்து வந்திருக்கிறது. ஆனால், மனிதன் நட்டு, வளர்த்து, வெட்டி, மீண்டும் அதே நிலத்தில் நடும் காட்டின் நிலைமை வேறு. நெல்லுக்குப் போகம் இருப்பதைப் போல அந்தக் காட்டுக்கும் போகம் உண்டு. நெல்லுக்குச் சில மாதங்கள் என்றால் பைன் மரத்துக்கு முப்பது, நாற்பது ஆண்டுகள். அவ்வளவுதான் வேறுபாடு.

முதல் போகம் நன்றாக விளைந்தது. இரண்டாம் போகமும் அப்படியே விளையுமா? மூன்றாவது எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு விடை தெரிய ஒரு மனிதனின் வேலைக்காலம் முழுவதும் காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்த ஓர் இடத்தில் கிடைத்த விடை, உலகம் முழுவதும் காடு வளர்ப்போரை அதிர வைத்தது. அந்த இடம் தென் ஆஸ்திரேலியா.

*மரமில்லா மாநிலம்*

தென் ஆஸ்திரேலியாவில் பெரும் காடுகள் இல்லை. வறண்ட நிலமே மிகுதி. வீடு கட்டவும் வேலி போடவும் தேவையான மரத்தை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆகவே, 1875ஆம் ஆண்டிலேயே அங்கு வன வாரியம் ஒன்று அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பண்டலீர் என்னும் இடத்தில் மரம் நடும் பணி தொடங்கியது. பல வகை மரங்களை நட்டுப் பார்த்தார்கள். அவற்றுள் வெற்றி பெற்றது ரேடியாட்டா பைன்.

இந்த மரத்தின் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா கடற்கரை. அங்கே சில சிறு பகுதிகளிலும், மெக்சிகோவுக்குச் சொந்தமான இரண்டு தீவுகளிலும் மட்டுமே அது இயற்கையாக வளர்கிறது. சொந்த ஊரில் பெரிதாக மதிக்கப்படாத இந்த மரம், கடல் கடந்து சென்ற இடங்களில் கொடிகட்டிப் பறந்தது. இன்று நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் ஏறக்குறைய 4 மில்லியன் ஹெக்டர் பரப்பில் அது பயிரிடப்படுகிறது. சரக்குகளை அடுக்கும் பலகைத் தட்டு, வீட்டுச் சட்டம், காகிதக் கூழ் எனப் பல வடிவங்களில் அது உலகைச் சுற்றி வருகிறது.

தென் ஆஸ்திரேலியாவில் இந்த மரத்துக்கு ஏற்ற இடமாக அமைந்தது, மாநிலத்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள மவுண்ட் கேம்பியர் வட்டாரம். மழை ஓரளவு உண்டு. மண்ணோ பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆடு மாடு மேய்ப்பதற்குக்கூட ஆகாது என்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் பைன் மரங்கள் வானளாவ வளர்ந்தன. மர ஆலைகள் எழுந்தன. அவற்றை நம்பி ஊர்களும் வளர்ந்தன.

முதலில் நட்ட காடுகள் முற்றி, வெட்டப்பட்டன. அதே நிலத்தில் மீண்டும் நாற்று நட்டார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

*முப்பது விழுக்காடு எங்கே போயிற்று?*

1960களின் தொடக்கத்தில் வன அதிகாரிகள் ஒன்றைக் கவனித்தார்கள். இரண்டாம் முறை நட்ட மரங்கள், அதே வயதில் முதல் மரங்கள் இருந்த அளவுக்கு வளரவில்லை. இது ஒரு தோட்டத்திலோ இரண்டு தோட்டத்திலோ மட்டும் கண்ட குறை அன்று. கீவ்ஸ் என்ற வன அதிகாரி இந்த அளவுகளைத் தொகுத்து 1966இல் ஆஸ்திரேலிய வனவியல் இதழில் வெளியிட்டார். விளைச்சல் சராசரியாக ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்திருந்தது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். பத்து லாரி மரம் கிடைத்த இடத்தில் இனி ஏழு லாரிதான் கிடைக்கும். மூன்றாம் போகத்தில் ஐந்தாகக் குறைந்தால்? ஆலைக்கு மரம் போதாது. ஆலையை நம்பிய ஊருக்கு வேலை போதாது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் எழுந்தது. இயற்கைக் காடுகளை வெட்டாமல் காப்பாற்ற வேண்டுமானால் நட்டு வளர்த்த காடுகளிலிருந்து மரம் எடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய நம்பிக்கை. நட்ட காடு நிலத்தைத் தின்று தீர்த்துவிடும் என்றால் அந்த நம்பிக்கையே ஆட்டம் காணும்.

பைன் மரம் மண்ணைக் கெடுத்துவிடும் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். குற்றம் மரத்தினுடையதா, அல்லது மரத்தை நடத்திய விதத்தினுடையதா? இதற்கு விடை காண, பைன் மரம் எப்படி உண்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

*மரத்தின் மூன்று கணக்குப் புத்தகங்கள்*

ஊசியிலைக் காட்டில் சத்து மூன்று வழிகளில் சுழல்கிறது. மூன்று கணக்குப் புத்தகங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, காட்டுக்கும் வெளியுலகுக்கும் இடையே உள்ள கணக்கு. மழைநீரிலும் தூசியிலும் சிறிதளவு சத்து வந்து சேர்கிறது. மண்ணிலுள்ள பாறைத் துகள்கள் மெல்லக் கரைந்து பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் போன்றவற்றை விடுவிக்கின்றன. வரவு மிகச் சிறியது. மாசில்லாத இடங்களில் மழை கொண்டுவரும் நைட்ரஜன் ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்குச் சில கிலோதான்.

இரண்டாவது, மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே உள்ள கணக்கு. ஊசியிலை உதிர்கிறது. காட்டுத் தரையில் மெத்தை போலப் படிகிறது. பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் அதை மக்கச் செய்கின்றன. வெளிவரும் சத்தை வேர்கள் மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. இது மிகப் பெரிய கணக்கு. வளர்ந்த காடு ஆண்டுதோறும் பயன்படுத்தும் சத்தில் பெரும் பகுதி இப்படித் திரும்பி வருவதே.

மூன்றாவது, மரம் தனக்குள்ளேயே வைத்திருக்கும் கணக்கு. பழுத்த ஊசியிலையை மரம் அப்படியே உதிர்த்துவிடுவதில்லை. உதிர்வதற்கு முன் அதிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப எடுத்து, புதுத் தளிருக்கு அனுப்பிவிடுகிறது. பழைய சட்டையிலிருந்து பொத்தானைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகுதான் சட்டையைக் குப்பையில் போடும் சிக்கனக்கார இல்லத்தரசியைப் போன்றது பைன் மரம்.

இந்தச் சிக்கனத்தால்தான் ஏழை மண்ணிலும் அது உயரமாக வளர்கிறது. சுழற்சி அறுபடாத வரை கவலையில்லை. வெட்டும் நாள் வரும்போதுதான் அறுபடுகிறது.

*சத்து எங்கே இருக்கிறது?*

காட்டை வெட்டி லாரியில் ஏற்றும்போது சத்தெல்லாம் லாரியோடு போய்விடுகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது முழு உண்மை அன்று.

ஒரு கிலோ காய்ந்த பைன் ஊசியிலையில் ஏறக்குறைய 12 முதல் 15 கிராம் நைட்ரஜன் உண்டு. ஒரு கிலோ அடிமரக் கட்டையிலோ ஏறக்குறைய ஒரு கிராம், அல்லது அதற்கும் குறைவு. அதாவது, எடையில் பெரும் பகுதி கட்டையில் இருக்கிறது. சத்தில் பெரும் பங்கோ இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும் இருக்கிறது. விற்கும் பொருளில் சத்து குறைவு. குப்பை என்று ஒதுக்கும் பொருளில் சத்து அதிகம்.

ஐரோப்பியர் இந்தப் பாடத்தை வேறொரு வழியில் முன்பே கற்றிருந்தார்கள். ஜெர்மனியில் பல தலைமுறைகளாக உழவர்கள் பைன் காட்டுக்குள் சென்று, உதிர்ந்த ஊசியிலைகளை வாரிக்கொண்டு போனார்கள். மாட்டுத் தொழுவத்தில் பரப்பி, பிறகு சாணத்தோடு சேர்த்து வயலுக்கு எருவாகப் போட்டார்கள். ஒரு கட்டைகூட வெட்டப்படவில்லை. சருகு மட்டுமே போயிற்று. ஆயினும் காடு இளைத்தது. மரங்கள் குட்டையாகி நின்றன. பவேரியாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் எபர்மாயர், ஆண்டுக்கு எவ்வளவு சருகு விழுகிறது, அதில் எவ்வளவு சத்து உண்டு என்பதையெல்லாம் அளந்து 1876இல் ஒரு நூலாக வெளியிட்டார். காட்டின் சத்துச் சுழற்சி பற்றிய ஆய்வுக்கு அந்நூல் ஓர் அடிக்கல். காட்டின் சருகு வயலுக்குப் போனால் வயல் செழிக்கும், காடு வாடும்.

*தீயும் களையும்*

இப்போது தென் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பினால் குற்றவாளி யார் என்பது விளங்கும்.

முதல் போகத்தை வெட்டிய பின், அடிமரம் ஆலைக்குப் போனது. கிளைகளும் ஊசியிலைகளும் உச்சிப் பகுதிகளும் நிலத்தில் கிடந்தன. அடுத்த நாற்றை நடுவதற்கு அவை இடைஞ்சல். எனவே, தீ வைத்தார்கள். நிலம் சுத்தமானது, நடுவதற்கு எளிதானது. அக்காலத்தில் அது முறையான வேலை என்றே கருதப்பட்டது.

தீயில் என்ன நடக்கிறது? இலையிலும் சருகிலும் இருந்த நைட்ரஜனில் பெரும் பகுதி வாயுவாகி வானத்துக்குப் போய்விடுகிறது. பாஸ்பரஸும் பொட்டாசியமும் சாம்பலில் தங்கும். ஆனால், மணல் நிலத்தில் காற்றும் மழையும் அந்தச் சாம்பலை எளிதில் அடித்துச் சென்றுவிடும். முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்த சேமிப்பு ஒரு மாலைப் பொழுதில் தீர்ந்தது.

போனது சத்து மட்டுமல்ல. மணலுக்கு நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. சருகு மெத்தையும் மட்கும்தான் வெயிலைத் தடுத்து ஈரத்தைக் காத்தன. அவை எரிந்த பின், நீண்ட வறண்ட கோடையில் இளநாற்று தாகத்தால் தவித்தது.

மூன்றாவது அடி களையிடமிருந்து வந்தது. இரண்டாம் போகத்தில் புல்லும் களையும் பெருகின. இருந்த கொஞ்ச நீரையும் சத்தையும் அவையே முதலில் குடித்தன. பைன் நாற்று பந்தியில் கடைசியாக உட்கார்ந்த விருந்தாளி ஆனது.

*திருத்திய முறை*

காரணம் தெரிந்தபின் முறையை மாற்றினார்கள். 1970களில் தொடங்கி, வெட்டிய கிளைகளை எரிப்பதைக் கைவிட்டார்கள். அவற்றை நசுக்கியோ, வரிசைக்கிடையே பரப்பியோ விட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் களையைக் கட்டுப்படுத்தினார்கள். இளம் மரத்துக்குத் தேவையான உரத்தை அளவோடு போட்டார்கள். நல்ல மரங்களின் விதையிலிருந்து தேர்ந்தெடுத்த நாற்றுகளை நட்டார்கள்.

தென் ஆஸ்திரேலியாவின் எல்லைக்கு அப்பால், விக்டோரியா மாநிலத்தில் ரென்னிக் என்னும் இடத்திலும் இதே போன்ற மணல் நிலம் உண்டு. அங்கு ஸ்குவயர், ஃபிளின், ஃபாரல் என்னும் ஆய்வாளர்கள் கிளையும் சருகும் எரிக்கப்பட்ட நிலத்தையும் எரிக்கப்படாத நிலத்தையும் ஒப்பிட்டு வளர்த்துப் பார்த்தார்கள். எரிக்காமல் விட்ட இடத்தில் இரண்டாம் போகம் இளைக்கவில்லை. மவுண்ட் கேம்பியரில் பல ஆண்டுகள் பணியாற்றிய மண்ணியல் அறிஞர் சதானந்தன் நம்பியாரும் அவருடைய குழுவினரும், நீர், நைட்ரஜன், களை ஆகிய மூன்றும் இளம் பைன் மரத்தின் வளர்ச்சியை எப்படிச் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதை விரிவாக ஆராய்ந்தார்கள்.

விளைவு என்ன? அதே நிலத்தில் இரண்டாம், மூன்றாம் போகங்கள் முதல் போகத்தையே விஞ்சி வளர்ந்தன. குறைந்த 30 விழுக்காடு திரும்பி வந்தது; அதற்கு மேலும் வந்தது. இதில் நல்ல விதைக்கும் பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால், நல்ல விதையைச் சாம்பல் மேட்டில் போட்டால் அது தன் முழுத் திறனைக் காட்டியிருக்காது.

குற்றம் மரத்தினுடையது அன்று. மரத்தை நடத்திய விதத்தினுடையது.

*குறைவது எது என்று தெரிந்தால்தான் உரம்*

அப்படியானால் கிளையை எரிக்காமல் விட்டாலே போதுமா? உரமே தேவையில்லையா? இல்லை. சுழற்சி எவ்வளவு நன்றாகச் சுழன்றாலும், மண்ணில் தொடக்கத்திலேயே இல்லாத ஒன்றை அது உண்டாக்கித் தராது. அந்த இடத்தில்தான் உரத்துக்கு வேலை.

மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 1920களில் அங்கே ஒரு புது நாற்றங்காலில் பைன் நாற்றுகள் மஞ்சளித்துக் குன்றின. உரம் போட்டும் தேறவில்லை. வன அதிகாரி ஸ்டீபன் கெசல், நன்றாக வளரும் பைன் மரங்களின் அடியிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து கலந்தபோது நாற்றுகள் பச்சை பிடித்தன. இதை அவர் 1927இல் எழுதினார். அந்த மண்ணில் இருந்தது உரம் அன்று. ஒரு வகைப் பூஞ்சை. பைன் வேரின் நுனியை உறைபோலச் சுற்றிக்கொண்டு, மயிரிழை போன்ற தன் நூல்களால் தூரத்திலுள்ள சத்தையும் நீரையும் கொண்டுவந்து தருவது இந்த வேர்ப்பூஞ்சை. பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. பூஞ்சை இல்லாத புது மண்ணில் பைன் மரம் கையில்லாதவன் சாப்பாட்டு மேசையில் அமர்ந்ததைப் போல் ஆகிவிடுகிறது.

அதே கெசலும் அவருடைய துணைவர் ஸ்டோட்டும் 1930களில் இன்னொரு புதிரை விடுவித்தார்கள். பைன் மரத்தின் உச்சி வளராமல், குட்டை ஊசிகள் பூக்கொத்துப் போல நெருங்கி நின்றன. துத்தநாகக் கரைசலைத் தெளித்ததும் மரங்கள் நிமிர்ந்தன. மரத்துக்குத் தேவையான துத்தநாகம் மிக மிகச் சிறிய அளவே. ஆனால், அந்தச் சிறிய அளவு இல்லாவிட்டால், வேறு எதைக் கொட்டினாலும் பயனில்லை. தென் ஆஸ்திரேலியாவின் மணல் நிலத்திலும் துத்தநாகம் தெளிப்பது வழக்கமாயிற்று.

நியூசிலாந்தில், ஆக்லாந்து நகருக்கு வடமேற்கே ரிவர்ஹெட் காடு உள்ளது. ஒரு காலத்தில் கௌரி மரப் பிசினைத் தோண்டி எடுத்த களிமண் நிலம் அது. அங்கு நட்ட பைன் மரங்கள் வளர்ச்சி நின்று, மெலிந்து கிடந்தன. குறை பாஸ்பரஸ் என்று கண்டறிந்து, 1950களில் விமானத்திலிருந்து சூப்பர் பாஸ்பேட்டைத் தூவினார்கள். கைவிட்டுவிடலாம் என்று எண்ணிய காடு உயிர் பெற்றது. ஒரு முறை போட்ட பாஸ்பரஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பயன் தந்தது.

இன்று இதையெல்லாம் ஊகத்தின் பேரில் செய்வதில்லை. மரத்தின் உச்சிப் பகுதியிலிருந்து ஊசியிலைகளைப் பறித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். ரேடியாட்டா பைன் ஊசியில் பாஸ்பரஸ் 0.12 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரம் பட்டினி கிடக்கிறது என்று பொருள். நைட்ரஜனுக்கு அந்த எல்லை ஏறக்குறைய 1.2 விழுக்காடு. மருத்துவர் இரத்தம் எடுத்துப் பார்த்தபின் மருந்து எழுதுவதைப் போன்றது இது.

*நைட்ரஜனின் குணம் வேறு*

பாஸ்பரஸ் இருபது ஆண்டு பயன் தருகிறது. நைட்ரஜனோ அப்படியில்லை. சுவீடனின் பைன், ஸ்புரூஸ் காடுகளில் பெரும்பாலும் குறைவது நைட்ரஜன்தான். குளிர் நாட்டில் சருகு மெல்ல மக்குகிறது. நைட்ரஜன் சருகுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கிறது. அங்கு வழக்கமாக ஒரு ஹெக்டருக்கு 150 கிலோ நைட்ரஜன் போடுகிறார்கள். அதனால், அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறக்குறைய 10 முதல் 20 கன மீட்டர் மரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதன்பின் விளைவு அடங்கிவிடுகிறது. போட்ட நைட்ரஜனில் சிறு பகுதியைத்தான் மரம் எடுத்துக்கொள்கிறது. பெரும் பகுதியை மண்ணின் நுண்ணுயிர்களும் மட்கும் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

எந்த வயதில் போடுவது என்பதும் முக்கியம். ஸ்காட்லாந்தின் கல்பின் மணற்காட்டில் நைட்ரஜன் ஆய்வுகள் நடத்திய ஹியூ மில்லர், 1981இல் காட்டின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்துக் காட்டினார். முதல் பருவத்தில் இளம் மரம் தன் இலைக்கூட்டத்தைக் கட்டுகிறது. அப்போது பசி மிகுதி. மண்ணையே நம்பி இருக்கிறது. உரத்துக்கு நன்றாக இணங்கும். இரண்டாம் பருவத்தில் கிளைகள் கூடி நிழல் மூடிவிடும். உதிர்வதும் மக்குவதும் உறிஞ்சுவதுமாகச் சுழற்சி நிலைபெறும். அப்போது உரத்தின் தேவை குறைவு. மூன்றாம் பருவத்தில், சருகுமெத்தை தடித்து, நைட்ரஜன் அதற்குள்ளேயே முடங்கும்போது மரம் மறுபடியும் பசிக்கிறது. உரக்காரன் எந்த நேரத்தில் கதவைத் தட்ட வேண்டும் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது.

மூட்டை இல்லாமலும் நைட்ரஜன் கொடுக்கலாம். ரப்பர்த் தோட்டத்தில் வரிசைக்கிடையே கொடிப்பயிர் படரவிட்டதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நியூசிலாந்தின் மேற்குக் கடற்கரை மணல்மேடுகளில், பைன் நடுவதற்கு முன் லூப்பின் என்ற அவரையினச் செடியை விதைத்தார்கள். அதன் வேர் முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்த்தன. 1980களின் இறுதியில் ஒரு பூஞ்சை நோய் லூப்பினைத் தாக்கி அழித்த பிறகுதான், அந்தச் செடி இலவசமாகச் செய்து வந்த வேலையின் மதிப்பு முழுதாகத் தெரிந்தது.

*அளவுக்கு மிஞ்சினால்*

உரம் நல்லது என்பதால் அதிகம் போட்டால் அதிக நன்மை என்று எண்ணிவிடக் கூடாது. யூரியாவை வெப்பமான, காற்று வீசும் நாளில் தூவினால் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிப் பறந்துவிடும். அதனால்தான் குளிர்ந்த, ஈரமான காலத்தில் தூவுகிறார்கள். ஓடைகளில் உரம் விழாமல் இருக்கக் கரையோரம் ஒரு பட்டையை ஒதுக்கி விடுகிறார்கள்.

வேறு சில இடங்களில் மனிதன் போடாமலேயே நைட்ரஜன் நிரம்பி வழிகிறது. ஐரோப்பாவின் சில பகுதிகளில் வாகனப் புகையும் கால்நடைப் பண்ணைகளின் அம்மோனியாவும் மழையோடு காட்டில் இறங்கின. மரமும் மண்ணும் தாங்கும் அளவைத் தாண்டியபின் நைட்ரேட் நிலத்தடி நீருக்குக் கசிந்தது. போகும்போது கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றையும் உடன் இழுத்துச் சென்றது. சுவீடனின் வடக்கில் நைட்ரஜன் போடுகிறவர்கள், தென்மேற்கில் அதைத் தவிர்ப்பது இதனால்தான். ஒரே நாடு, ஒரே மரம். ஆனால் ஒரே மருந்து அன்று.

*இன்று எழுந்துள்ள கேள்வி*

இந்தப் பழைய பாடம் இன்று மீண்டும் தேவைப்படுகிறது. நிலக்கரிக்கு மாற்றாக மரக்கழிவை எரித்து மின்சாரமும் வெப்பமும் எடுக்கும் வழக்கம் பல நாடுகளில் வளர்ந்துள்ளது. அதற்காகக் கிளைகளையும் உச்சிகளையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள். காட்டில் தீ வைப்பதற்குப் பதிலாக உலையில் வைத்து எரிக்கிறார்கள். நிலத்தின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் செலவுதான்.

இதை உணர்ந்த ஃபின்லாந்தில், கிளைக்கழிவை அள்ளும்போது ஏறக்குறைய 30 விழுக்காட்டைக் காட்டிலேயே விட வேண்டும் என்று வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன. சுவீடனில், ஊசியிலைகள் காய்ந்து உதிரும்வரை கிளைகளைக் காட்டிலேயே குவித்து வைக்கும் வழக்கமும் உண்டு. உலையில் மிஞ்சும் சாம்பலைக் கெட்டியாக்கித் திரும்பவும் காட்டில் தூவுகிறார்கள். அதில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கால்சியமும் உண்டு. நைட்ரஜன் மட்டும் இல்லை; அது புகையோடு போய்விட்டது. நைட்ரஜன் மிகுதியாகவும் மற்றவை குறைவாகவும் உள்ள ஃபின்லாந்தின் சதுப்பு நிலக் காடுகளில் இந்தச் சாம்பல் பல பத்தாண்டுகளுக்குப் பயன் தருகிறது. மணல் நிலத்துப் பைன் காட்டில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

இந்த அனுபவம் ஊசியிலைக் காட்டோடு நிற்பதில்லை. மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை வரிசைக்கிடையே அடுக்கி வைப்பதும், மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டுகளாக்கி நிலத்திலேயே மக்கவிடுவதும் இதே கணக்கின் வழியில்தான். எரித்தால் புகை அண்டை நாடு வரை போகும். சத்து எங்கே போகும் என்பதை மவுண்ட் கேம்பியர் காட்டிவிட்டது.

பைன் காட்டைப் பற்றி ஒரு நூற்றாண்டு ஆய்வு சொல்லும் செய்தியைச் சுருக்கினால் இவ்வளவுதான். அடிமரத்தை எடுக்கலாம், காடு அதைத் தாங்கும். இலையையும் கிளையையும் சருகையும் விட்டுவைக்க வேண்டும்; அவை அடுத்த போகத்தின் உணவு. மண்ணில் எது இல்லையோ அதை மட்டும், எப்போது தேவையோ அப்போது, எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுக்க வேண்டும். இதில் தவறு செய்தால் உடனே தெரியாது. நட்டவரின் பிள்ளைகள் கோடரி எடுக்கும் நாளில்தான் தெரியும். தென் ஆஸ்திரேலியாவில் அதை அளந்து பார்த்து, மறைக்காமல் எழுதி, முறையை மாற்றிக்கொண்டார்கள். அதனால்தான் அந்த மணலில் இன்றும் பைன் மரம் விளைகிறது.